தாளில் முழுக்கோடு

நவம்பர் 12, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. சிலிபினில் எங்கள் சந்து முழுக்கத் தண்ணீர். குடை ஆபீஸில், நான் வீட்டில். வழக்கம்போல.

வாங்க: பிரிண்டர் மை, அம்மாவின் பிரஷர் மாத்திரை, சிவப்புப் பேனா.

பத்தரைக்கு சிலிம் ரிவரிலிருந்து போன். பழைய எஸ்டேட்டில் எங்கள் சர்வே ஆபீஸ் பிளான் போட்டுக் கொடுத்த வீடமைப்பு இடம். மண்வாரி இயந்திரம் இடுகாட்டு ஓரமாகவே கால்வாய் வெட்டிவிட்டதாம். ஓரம் என்றால் குழந்தைகளைப் புதைத்த வரிசை.

அளக்கப் போன அன்று லெட்சுமி அக்காதான் காட்டினார். அங்கே பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவர். கைக்குழந்தை செத்தால் அவர்கள் கல் நடுவதில்லையாம். தலைமாட்டில் ஒரு குரோட்டன்ஸ் செடி, அவ்வளவுதான். "இதுலதாம்மா என் மூத்தவ. நாப்பது நாளு இருந்தா." செடிகளை எண்ணினேன். பதினொன்று.

பதினொன்றையும் உள்ளே சேர்த்துத்தான் கோடு போட்டேன். எங்கள் பிளானில் விட்டு விட்டுப் போகும் துண்டுக்கோடு என்றால் உள்ளே கை வைக்காதே. முழுக்கோடு என்றால் இங்கே வெட்டு.

பாஸ் சொன்னார், "ஆப்பரேட்டரு தப்பா படிச்சிட்டான்லா ஸ்டெல்லா. நம்ம மேல ஒண்ணுமில்ல." நிம்மதியாக இருந்தது. மத்தியானம் மீ கோரிங் ஒரு தட்டு முழுக்கச் சாப்பிட்டேன். இதையும் எழுதி வைக்கிறேன்.

நவம்பர் 13, புதன்

வெயில். பாஸும் நானும் இடத்துக்கு. வழியெல்லாம் அவர் டெங்கில் ஊரில் வரப்போகும் வேலை பற்றிப் பேசினார், மகன் பள்ளிக்கூடம் பற்றிப் பேசினார். கால்வாயைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

பள்ளம் ஒரு ஆள் ஆழம். அடியில் செந்தண்ணீர். செடிகள் மண்குவியலில் தலைகீழாக. மூன்றுதான் கண்ணில் பட்டது. மற்றதைத் தேடப் பயம்.

லெட்சுமி அக்கா அங்கே நின்றார். அழவில்லை. மண்வாரி ஓட்டும் சரவணன், முப்பது வயதிருக்கும், பிளானைப் பிடித்துக்கொண்டு எல்லோரிடமும் காட்டினான். "பாருங்கண்ணே, ரெண்டு கோடும் ஒண்ணாத்தானே இருக்கு! நான் எப்புடிண்ணே கண்டுபுடிக்கிறது?" யாரும் வாங்கிப் பார்க்கவில்லை.

அக்கா குனிந்து இரண்டு கையாலும் மண்ணை வாரி அவன்மேல் தூற்றினார். "எம் புள்ளய கெளறிப் போட்டல்ல! உன் வீட்டுல தொட்டில் ஆடாதுடா!" அவன் அப்படியே நின்றான். முகத்தில் ஒட்டிய மண்ணைத் துடைக்கக்கூட இல்லை. கண்டிராக்டர் அங்கேயே அவனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்.

அந்தத் தாளைக் கீழே போட்டுவிட்டுப் போனான். நான் எடுத்துப் பார்த்தேன். இரண்டு கோடும் ஒன்றுபோலத்தான் இருந்தது. விளக்கக் கட்டத்தில்கூட "வெட்டு", "தொடாதே" இரண்டுக்கும் எதிரே ஒரே மாதிரி முழுக்கோடு. மூலையில் "சரிபார்த்தவர்". அதற்கு எதிரே என் கையெழுத்து.

நவம்பர் 14, வியாழன்

கோப்பைத் திறந்தேன். திரையில் துண்டுக்கோடு துண்டுக்கோடாகத்தான் இருக்கிறது, அழகாக. அச்சுத் தாளுக்கான பக்கத்துக்குப் போனால் முழுக்கோடு.

எல்லாம் ஒரு எண். துண்டு எவ்வளவு நீளம், இடைவெளி எவ்வளவு என்பதை அது பெருக்கும். பாஸ் தாளில் பார்க்க மாட்டார், திரையில்தான் பார்ப்பார். பிளான் போட்ட அன்றைக்கு என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "துண்டு எங்கலா? ஒண்ணும் தெரியலயே" என்றார். அவருக்குத் தெரியட்டும் என்று ஒன்றாக இருந்த அந்த எண்ணை ஐந்நூறு ஆக்கினேன். திரும்ப ஒன்றாக்க மறந்தேன். தாளில் ஒரு துண்டு பல மீட்டர் நீளமாகிவிட்டது. தாளோ ஒரு மீட்டர்கூட இல்லை. இடைவெளி எங்கே விழும்?

பதினாறு வருடமாக ஒவ்வொரு தாளையும் சிவப்புப் பேனாவோடு பார்க்கிறவள் நான். இந்தத் தாள் அச்சான அன்றைக்குப் பேனா மை தீர்ந்திருந்தது. பார்க்காமலே கையெழுத்துப் போட்டேன்.

எண்ணை மாற்றினேன். ஒன்று. கோடு உடைந்து துண்டு துண்டாக வந்தது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

பாஸிடம் சொன்னேன். கதவைச் சாத்தினார். "சொன்னா என்னாவும்? லைசென்சு போவும். ஆறு பேரு வேல போவும். அந்தச் செடிங்க திரும்ப வருமா?" தன் டீ கிளாஸை என் பக்கம் நகர்த்தி வைத்தார். கோபப்பட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

நவம்பர் 15, வெள்ளி

அம்மாவுக்கு மாத்திரை வாங்கினேன். பிரிண்டர் மை இன்னும் இல்லை.

சரவணன் போன் செய்தான். என் நம்பர் பிளானிலேயே இருக்கிறதாம். "அக்கா, வேல போனா போவுது, வேற பாத்துக்கலாம். என் சம்சாரத்துக்கு ஏழு மாசம்க்கா. அந்த அம்மா மண்ண வாரித் தூத்துனத யாரோ அவகிட்ட சொல்லிட்டாங்க. சாப்புட மாட்டேங்கிறா. நான் வேணும்னு செய்யலன்னு அவங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லுங்கக்கா. நீங்க சொன்னா கேப்பாங்க."

"சொல்றேன்" என்றேன். தப்பு என்னுடையது என்று சொல்லவில்லை. கோழை.

சாயங்காலம் மாதா கோயில் வரை போனேன். உள்ளே போகவில்லை. சாபத்தில் எல்லாம் நம்பிக்கை இல்லாதவள்தான் நான். அந்தப் பெண் சாப்பிடவில்லையே.

நவம்பர் 16, சனி

மேகமூட்டம். பாஸிடம் சொல்லாமல் கிளம்பினேன். இரண்டு தாள் எடுத்துக்கொண்டேன், பழையது ஒன்று, திருத்திக் கடையில் அச்செடுத்தது ஒன்று.

லெட்சுமி அக்கா பள்ளத்து ஓரத்தில் ஒரு குரோட்டன்ஸைத் திரும்ப நட்டுக்கொண்டிருந்தார். "இது யாரோடதுன்னு தெரியலம்மா. இருக்கட்டும்." பிறகு, "நீ சரியாத்தான் போட்டிருப்ப. எனக்குத் தெரியும்."

தாள்களைக் கார்மீது விரித்தேன். எது நான் போட நினைத்தது, எது அச்சானது, எந்தக் கையெழுத்து யாருடையது, எல்லாம் சொன்னேன். சரவணன் மனைவியைப் பற்றியும் சொன்னேன். திங்கட்கிழமை இதை எழுதிக் கண்டிராக்டருக்கு அனுப்பப்போவதையும்.

அக்கா இரண்டு தாளையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில், "அந்தத் தம்பி வீடு எங்க?" சரவணனுக்குப் போன் போட்டுக் கேட்டு விலாசம் எழுதிக் கொடுத்தேன். மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

பிறகு குனிந்து ஒரு பிடி மண் எடுத்தார். கண்ணை மூடிக்கொண்டேன். என் வலது கையைப் பிடித்து, அதில் மண்ணை வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார். "அவன்மேல போட்டத நான் போயி எடுத்துக்கறேன். இது உன்னுது."

மூடிய கையோடே காரை ஓட்டித் திரும்பி வந்தேன். சிம்பாங் பூலாய் டோல் சாவடியில் கார்டைத் தட்ட வலது கை வேண்டும். பின்னால் லாரி ஹாரன் அடித்தது. கையைத் திறக்க முடியவில்லை. இடது கையால் எட்டித் தட்டினேன்.