நாற்காலியில் இருந்தபடியே போட்ட லீவு

இரண்டு ஓரமும் துளைதுளையாக இருக்கும் பழைய பிரின்டர் காகிதம் ஒன்று நேற்று மாலையிலிருந்து என் மேஜையில் கிடக்கிறது. மை மங்கிவிட்டது. மடிப்பு விழுந்த இடம் கிழியாமல் இருக்க செல்லோடேப் ஒட்டி, பாஸ்போர்ட்டோடு சேர்த்துப் பெட்டிக்குள் வைத்திருந்தீராம். உம் மகள்தான் கொண்டுவந்து கொடுத்தாள். நீர் போய் நாற்பது நாள் கழிந்துவிட்டது. இப்படி ஒன்றை நீர் பத்திரப்படுத்தியிருக்கிறீர் என்று முன்னமே தெரிந்திருந்தால், கெஞ்சியாவது வாங்கிக் கிழித்துப் போட்டிருப்பேன்.

என் பெயரில் வந்த மின்னஞ்சல். இங்கிலீஷில் மூன்றே வரி. பதினைந்தாம் தேதி வரை விடுப்பில் வெளியூர் போகிறேன், தங்கள் விஷயத்தை அவசியம் கவனிக்கிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும். இந்த மூன்று வரியை நான்தான் தட்டினேன். ஆனால் உமக்காகத் தட்டவில்லை. அதைத்தான் நீர் சாகிறவரைக்கும் உம்மிடம் சொல்லவில்லை.

வண்ணார்பேட்டை ஆபீஸில் பத்து வருஷம் நாம் எதிரெதிர் மேஜை. நீர் ஷார்ஜாவுக்குப் போன பிறகுதான் நம் ஆபீஸுக்குக் கம்ப்யூட்டரும் மின்னஞ்சலும் வந்தன. தொண்ணூறுகளின் கடைசி அது. மோடம் கீச்சுக்கீச்சென்று கத்தி, இணைப்புக் கிடைப்பதே பெரிய பாடு. அந்த வருஷம் சாரல் நேரத்தில் குடும்பத்தோடு பாபநாசம் போக இரண்டு நாள் லீவு போட்டேன். நாம் இல்லாதபோது வருகிற கடிதத்துக்குக் கம்ப்யூட்டரே பதில் போட வைக்கலாம் என்று புத்தகத்தில் பார்த்து, நானே செய்துவைத்தேன். என்ன பெருமை எனக்கு! பியூனைக்கூடக் கூப்பிட்டுக் காட்டினேன்.

போனது இரண்டு நாள். பதிலில் போட்டது பதினைந்தாம் தேதி. திரும்பி வந்தும் அதை நிறுத்தவில்லை. மெட்ராஸ் தலைமை ஆபீஸ்காரர்கள் அந்த அறிக்கை எங்கே, இந்த அறிக்கை எங்கே என்று பிடுங்குவது நின்றிருந்தது. சுகமாக இருந்ததே, விடுவேனா?

அப்போதுதான் உம் கடிதம் வந்தது. மகளுக்கு அம்பாசமுத்திரத்தில் ஒரு இடம் வந்திருக்கிறது, பையன் பெயிண்ட் கடை வைத்திருக்கிறான், நேரில் போய் விசாரித்துச் சொல்லும் என்று எழுதியிருந்தீர். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்டியிருந்தாலும் உம் குரல் அப்படியே கேட்டது. "எங்க ஆட்கள்கிட்ட கேட்டா நல்லதை மட்டுந்தான் சொல்லுவாங்க வே. நீரு வெளியாளு. உம்மகிட்ட உள்ளதைச் சொல்லுவாங்க." நான் டீயைக் குடித்துக்கொண்டே படித்தேன். என் கண் முன்னாலேயே என் பெயரில் பதில் உமக்குப் போயிற்று. சரி, லீவு என்று சொல்லியாயிற்று, பைய பார்த்துக்கொள்வோம் என்று மிச்ச டீயையும் குடித்தேன்.

மறுநாள் உம் அடுத்த கடிதம். "எழுதின கையோட பதில் போட்டுட்டீரே! எனக்காக லீவே போட்டுட்டீரா வே? உம்மள மாதிரி ஒரு ஆளு எனக்குக் கிடைக்குமா? நல்லா சுத்திப் பாத்து விசாரியும். குறை ஏதும் இருந்தா உடனே போன் போடும். உம்மகிட்ட இருந்து ஒண்ணும் வரலைன்னா நல்ல இடம்னு எடுத்துக்கிடுதேன்."

அந்த நிமிஷமே எழுதியிருக்கலாம். ஐயா, அது மிஷின் போட்ட பதில், நான் என் நாற்காலியில்தான் இருக்கிறேன் என்று ஒரு வரி. வெட்கம் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை அம்பைக்குப் போய்ப் பார்த்துவிட்டு உண்மையாகவே ஒரு பதில் எழுதிவிட்டால் எல்லாம் நேராகிவிடும் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை மச்சினன் வந்துவிட்டான். வெயில் வேறு. அடுத்த ஞாயிறு என்றேன். அதற்குள் போனிலேயே நாள் குறித்துவிட்டீர். நான் வாயைத் திறக்காமல் இருந்ததை நம்பி, பெற்ற பெண்ணைக் கொடுத்தீர்.

மேலப்பாளையத்தில் கல்யாணம். எனக்காகச் சைவச் சமையலுக்குத் தனியாக ஆள் பிடித்திருந்தீர். கூட்டத்துக்கு நடுவில் என் கையைப் பிடித்துத் தூக்கி, "இவரு லீவு போட்டு அலைஞ்சு விசாரிச்ச மாப்பிள்ளை" என்று ஊருக்கே சொன்னீர். பந்தல் பிரிந்து என் தலையில் விழக்கூடாதா என்றிருந்தது. சாம்பார் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். நீர் பக்கத்தில் நின்று, "கூச்சப்படாம சாப்பிடும்" என்கிறீர்!

கல்யாணம் முடிந்த அடுத்த வாரம்தான் நான் அம்பைக்குப் பஸ் ஏறினேன். கடைக்கு எதிரே டீக்கடையில் நின்று விசாரித்தேன். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர், "பெயிண்ட் கடைக்காரரா? தங்கமான மனுசன்லா. கோவம் வந்தா மட்டும் வாயி நீளும், அவ்வளவுதான்" என்றார். அந்த "அவ்வளவுதான்" என் தூக்கத்தைக் கெடுத்தது. அதற்குப் பிறகு மாதம் ஒரு தடவையாவது ஏதாவது சாக்குச் சொல்லி அங்கே போய்க்கொண்டிருந்தேன். ஒரு புதன்கிழமை உம் மகள் திடீரென்று உம் வீட்டுக்கு வந்திருக்கிறாள் என்று கேட்டு மேலப்பாளையத்துக்கு ஓடினேன். பல் வலியாம். அவள் நன்றாகத்தான் இருந்தாள், இப்போதும் நன்றாகத்தான் இருக்கிறாள். அதில் என் புண்ணியம் ஒரு துளியும் இல்லை.

நேற்று அவள் இந்தக் காகிதத்தை நீட்டி, "வாப்பா இதை எல்லாருட்டயும் காட்டுவாங்க மாமா. இப்ப என் மகளுக்கு ஒரு இடம் வந்திருக்கு, கல்லிடைக்குறிச்சியில. அன்னைக்கு மாதிரி நீங்க போயி விசாரிச்சுச் சொல்லணும்" என்றாள். சரி என்று சொல்லிக் காப்பி கொடுத்து அனுப்பியிருக்கலாம். இருபது வருஷத்துக்கு மேல் அதைத்தானே செய்தேன்? முடியவில்லை வே. டீ குடித்ததிலிருந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மச்சினன் வந்ததையும் வெயிலையும்கூடச் சொன்னேன். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் எழுந்து முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "அப்ப இந்தத் தடவையாவது போவீங்களா மாமா?" என்று கேட்டாள்.

கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். பிள்ளையிடம் கேட்பதுபோல் மெதுவாகக் கேட்டாள். போவேன் என்றேன். காகிதத்தை எடுக்காமலே போய்விட்டாள்.

இப்போது நான் ஓய்வு பெற்றவன், லீவு போடுவதற்கு ஒன்றும் இல்லை. பஸ்ஸுக்கு இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது. உம் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். இப்போது காதில் கேட்டுக்கொண்டே இருப்பது அவள் கேள்விதான். கல்லிடைக்குறிச்சியில் இறங்கி, பையன் வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள டீக்கடையில் முதலில் கேட்கப்போகிறேன். குறை இருந்தாலும் சொல்வேன், இல்லாவிட்டாலும் நானே வாயால் சொல்வேன்.