கவிழ்த்து வைத்த ஆறு கிளாஸ்

டிசம்பர் 8, திங்கள்

காலையில் தூறல். ராயபுரம் முழுக்கச் சேறு. நோட்டில் இது நான்காம் பக்கம். ஒரு பக்கத்துக்கு இரண்டு மணி நேரம் ஆகிறது. எழுபத்திரண்டு வயதில் எழுத்துப் படித்தவனுக்கு என்ன அவசரம். விரல் வலி. மனசுக்குள் ஒரே குஷி.

அமீது பாய்க்கு நாளை கண் ஆபரேஷன். நான்கு நாள் டீக்கடை மூடல். அவர் அப்பா பெரிய பாய் காலத்திலிருந்து இப்படி மூடிப் பார்த்ததில்லை.

அப்போது நான் துறைமுகத்தில் மூட்டை தூக்கினேன். விடியுமுன்பே கடையில் எங்கள் கூட்டம், ஒரே சிரிப்பு. எங்களில் ஒருவன் அறையில் தனியாக இறந்து கிடந்தான். இரண்டு நாள் யாருக்கும் தெரியவில்லை. அதற்குப் பிறகுதான் பெரிய பாய் அந்த வழக்கத்தைத் தொடங்கினார். தனியாக வாழ்பவர்களுக்கு ஆளுக்கொரு கிளாஸ், பலகையில் கவிழ்த்து. ஆள் வந்ததும் நிமிர்த்தி டீ. ஏழு மணிக்கும் கவிழ்ந்தே இருந்தால் யாராவது போய்க் கதவைத் தட்ட வேண்டும். மகனும் அப்படியே செய்கிறார். இப்போது ஆறு கிளாஸ். ஒன்று என்னுடையது.

ஒரு நாள் நான் தூங்கிவிட்டேன். அமீது பாயே வந்து தட்டினார். "உயிரோட கீறியா மாமு? அப்ப எந்திரி, டீ ஆறுது."

டிசம்பர் 9, செவ்வாய்

மழை இல்லை. டீயும் இல்லை. படுத்தே கிடந்தேன். ஒன்பது மணிக்குத்தான் உறைத்தது. கடை இல்லாத நாளில் யார் யாரைப் பார்ப்பது?

வீடு வீடாகப் போனேன். நான்கு பேர் நலம். கடைசியாக பிலோமினா. காசிமேட்டில் மீன் விற்றவள். உள்ளே தாழ். கூப்பிட்டால் முனகல். ஆட்டோ ஓட்டும் செல்வம் தோளால் மோதித் திறந்தான்.

சமையலறைத் தரையில் கிடந்தாள். ஐந்து மணிக்கே வழுக்கி விழுந்தாளாம். இடுப்பில் அடி.

"இன்னாண்ணே, இம்மா லேட்டு?" என்றாள்.

"கத்த வேண்டிதானே ஆயா?" செல்வம்.

"எதுக்குக் கத்தணும்? ஏழு மணிக்கு யாராச்சும் வருவீங்கன்னு தெரியாதா? கடை லீவுன்னு மறந்தே பூட்டேன்."

ஆம்புலன்ஸ். ஆஸ்பத்திரி. எலும்பில் விரிசல், உயிருக்கு ஒன்றுமில்லை. நான்கு மணி நேரத்துக்கு மேல் எங்களை நம்பிச் சும்மா கிடந்திருக்கிறாள்.

டிசம்பர் 10, புதன்

காலையில் நான்கு வீட்டுக் கதவையும் தட்டிவிட்டு பாய் வீடு. கண்ணில் கட்டு. நடந்ததைச் சொன்னேன். அப்பாவை நினைத்துக்கொண்டார்.

"வாப்பா இருந்தா என்னைத் தொலைச்சிருப்பாரு."

கடைச் சாவி கேட்டேன்.

"டீ போடத் தெரியுமா மாமு?"

"தெரியாது."

"சுத்தம்." சாவியைக் கொடுத்துவிட்டார்.

வாங்க வேண்டியது: பால், டீத்தூள், சர்க்கரை, இஞ்சி (எவ்வளவு போடுவார்? கேட்க மறந்தேன்).

டிசம்பர் 11, வியாழன்

பனி. ஐந்தரைக்குக் கடை திறந்து, பலகையில் கிளாஸ்களைக் கவிழ்த்து வைத்தேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. தெருவே நின்று வேடிக்கை.

"நைனா, இது டீயா, கஷாயமா?" செல்வம். கேட்டுவிட்டு இரண்டு கிளாஸ் குடித்தான்.

ஏழு மணிக்குள் நான்கு பேரும் வந்துவிட்டார்கள்.

பத்து மணிக்கு பிளாஸ்க்கில் ஊற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு. பிலோமினா ஒரு வாய் குடித்தாள். முகம் கோணியது.

"பாய் எப்ப வருவாரு?"

"சனிக்கிழமை."

"அது வரிக்கும் இத்தையா குடிக்கணும்?"

கேட்டுவிட்டு, இன்னும் ஊற்றச் சொல்லி பிளாஸ்க் மூடியை நீட்டினாள்.