மூன்று யானையும் ஐந்து வசனமும்

மச்சான்,

இன்று காலை ட்ராம் தரிப்பிடத்தில் நல்ல மழை. ஒடென்சே நகரம் முழுவதும் மிதந்தது என்றே வைத்துக்கொள். உன் கம்பளித் தொப்பியைப் போட்டிருந்தேன். நீ கண்ணை மூடிய பிறகு உன் மனைவி எனக்குத் தந்தது. நனைந்ததும் அதிலிருந்து ஈரக் கம்பளியும் உன் தலை எண்ணெயும் கலந்த மணம் எழும்பியது. நீ பக்கத்தில் வந்து நின்றதுபோல இருந்தது. அதனால் எழுதுகிறேன்.

போன ஞாயிறு பின்னேரம் உன் மகள் அமெரிக்காவிலிருந்து தொலைபேசி எடுத்தாள். படிக்கப் போய் ஏழு மாதம். வகுப்பில் எல்லாரும் கையை உயர்த்திக் கதைக்கிறார்களாம். இவளுக்கு வாய் திறக்க வருகுதில்லையாம். எந்த ஊர் என்று கேட்டால் டென்மார்க் என்கிறாள், "இல்லை, உண்மையில் எந்த ஊர்?" என்று திரும்பவும் கேட்கிறார்களாம். வியாழக்கிழமை வகுப்பின் முன்னால் நின்று பேச வேண்டும்.

"மாமா, நான் விட்டிட்டு வரப்போறன். அம்மாட்ட இன்னும் சொல்லேல்லை. நீங்கள் அமெரிக்காவில படிச்சனீங்கள்தானே, எப்பிடிச் சமாளிச்சனீங்கள்?"

அந்தக் கதை உனக்குத் தெரியும். எட்டாம் வகுப்போடு நின்ற நான், அவளுடைய பிறந்தநாளில் அவிழ்த்துவிட்டது. அமெரிக்காவில் ஒரு வருடம் படித்தேன், பேராசிரியர்கள் என்னைக் கேட்டுத்தான் பாடம் தொடங்குவார்கள் என்றேன். நீ கேக்கை வெட்டிக்கொண்டே, "ஓம் ஓம், அங்க இன்னும் இவனைத் தேடுகினம்" என்றாய். காட்டிக்கொடுக்கவில்லை. பிள்ளை அதை நம்பியிருக்கிறாள்.

அமெரிக்காவைப் பற்றி இன்னும் நாற்பது கதை என்னிடம் இருக்கிறது, மச்சான். ஒன்றுகூட அவளை மறித்து வைக்காது.

"பிள்ளை, நான் அமெரிக்காவைக் கண்ணாலயும் காணேல்லை" என்றேன்.

பிறகு நாம் டெனிஷ் படித்த மொழிப் பள்ளியின் கதையைச் சொன்னேன். முதல் குளிர்காலம். எழும்பி நின்று டெனிஷில் தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டிய நாள். என் முறை வருமுன் நான் ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு பஸ் தரிப்பிடத்துக்கு ஓடினேன். நீயும் பின்னால் வந்தாய். பஸ் வந்தது, ஓட்டுநரைப் போகச் சொல்லிக் கை காட்டினாய்.

"உனக்கு அஞ்சு வசனம் தெரியும். அஞ்சையும் சொல்லு. ஆறாவதுக்கு வாய்க்கு வாறதை அவிட்டுவிடு. ஆர் யாழ்ப்பாணம் போய்ப் பாக்கப்போகினம்?"

திரும்பிப் போய் ஐந்தும் சொன்னேன். ஆறாவதாக, எங்கள் வீட்டு வாசலில் மூன்று யானை நின்றது என்றேன். ஆசிரியை கதிரையிலிருந்து விழுந்து சிரித்தார். விழுந்தார் என்றே வைத்துக்கொள். அன்று திறந்த வாயை நான் இன்னும் மூடவில்லை.

உன் மகள் மெல்லக் கேட்டாள்: "அப்பா ரெண்டு யானை எண்டெல்லோ சொன்னவர்?"

"கொப்பர் எப்பவும் குறைச்சுத்தான் சொல்லுவார்."

சிரித்துவிட்டாள். நேற்று எழும்பி நின்று பேசினாளாம். ஆறாவது வசனம் என்ன என்று கேட்டேன், சொல்ல மாட்டாளாம். "முடிச்சிட்டுத்தான் வருவன் மாமா" என்று மட்டும் சொன்னாள்.

பட்டமளிப்புக்கு நான் போவேன், மச்சான். போயே தீருவேன். விமான நிலைய அதிகாரிக்குச் சொல்ல ஆங்கிலத்தில் ஐந்து வசனம் பாடமாக்குகிறேன். ட்ராமில் சத்தமாகச் சொல்லிப் பார்த்தால் பக்கத்தில் இருப்பவர்கள் எழும்பிப் போகிறார்கள். ஐந்தும் உண்மை. என் சிநேகிதனின் மகள் இங்கே படிக்கிறாள் என்பதுதான் முதலாவது. அதற்கு மேலும் கேட்டால் யானைகள் இருக்கின்றன.

தொப்பியைக் கழற்றச் சொன்னால் கழற்றுவேன். கையில் இறுக்கிப் பிடித்துக்கொள்வேன்.