நல்ல பீஸுக்கு ஒரு வட்டம்

திங்கள், இரவு பத்தரை.

நேற்று அஞ்சல்வழிப் படிப்பின் ஞாயிறு வகுப்பில் மேடம் ஒரு கவிதையைக் கொடுத்து, பென்சிலால் குறிப்பு எழுதச் சொன்னார். நான் ஒரே ஒரு வட்டம் போட்டேன்.

"மத்த வரியெல்லாம் ஏன் சும்மா வுட்டுட்ட?"

"அதுல டிஃபெக்ட் இல்லீங்க மேடம்."

வகுப்பே சிரித்தது. பாகலூர் ரோட்டுக் கம்பெனியில் ஆறு வருடமாக அலுமினிய மூடிகளைச் சோதிக்கிறேன். குறை இருந்தால்தான் அங்கே வட்டம். வட்டம் போட்டது ரிஜெக்ட் பெட்டிக்குப் போகும்.

"டிஃபெக்ட் தேடாதம்மா. மனசு எங்க நிக்குதோ அங்க போடு" என்றார் மேடம்.

இன்று ஷிஃப்டில் ஒரு மூடி வந்தது. விளிம்பு அவ்வளவு சுத்தமாக வளைந்திருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன். என்னை அறியாமல் கை மார்க்கரால் வட்டம் போட்டுவிட்டது. அழிப்பதற்குள் பக்கத்து டேபிள் மஞ்சுளா அக்கா அதை எடுத்து ரிஜெக்டில் போட்டுவிட்டார். நான் அடுத்த மூடியை எடுத்தேன்.

நாளை காலையில் சூப்பர்வைசர் ரிஜெக்ட் பெட்டியைக் கொட்டி, "இதுல என்ன டிஃபெக்ட்?" என்று கேட்பார். அழகாக இருந்தது என்றா சொல்வது? அதைவிடப் பெரிய பயம், நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தபோது குறையுள்ளவை எத்தனை கடந்து போயினவோ.

தூக்கம் வரவில்லை. கவிதைத் தாளை எடுத்தேன். இப்போது எல்லா வரியிலும் மனசு நிற்கிறது. பென்சிலைத் தொடப் பயமாக இருக்கிறது.