வாய்க்கு வாட்ச்மேன் போட்ட வாரம்

மார்ச் 3, செவ்வாய்

காலையில் பனி. பத்து மணிக்கே வெயில் சுரீர். பூக் கம்பெனி ஷெட்டில் சிவப்பு ரோஜா மலை மாதிரி. கல்யாண ஆர்டர்.

மானம் போன கதையை முதலில் எழுதிவிடுகிறேன். பூ தரம் பிரிக்கும் மேசையில் எல்லோரும் தூங்கி வழிந்தார்கள். எழுப்பலாமே என்று பாஸ்டரம்மா மாதிரி ஜெபித்துக் காட்டினேன். முந்தானை தலையில், கண் இறுக்கி, "தகப்பனேஏஏ" என்று அந்த நாகர்கோவில் இழுப்பு. நடுவில் வரும் இருமல்கூட விடவில்லை. முதலில் சிரித்தார்கள். பிறகு ஒருத்தியும் சிரிக்கவில்லை. உருகிப்போய்விட்டார்கள் போல என்று இன்னும் நீட்டினேன். முடித்ததும் முதுகுக்குப் பின்னால் "ஆமென்."

பாஸ்டரம்மாவேதான். ஆலயத்தில் வைக்கக் காம்பு குட்டையான பூ வாங்க வந்தவர்.

திட்டவில்லை. "நல்லாத்தான் ஜெபிக்கீங்க எஸ்தர். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துல விண்ணப்பமெல்லாம் நீங்களே கேட்டுச் சொல்லுங்க" என்றார்.

யார் வீட்டில் என்ன கஷ்டம் என்று கேட்டு எழுந்து சொல்லும் வேலை. இத்தனை வருடத்தில் என்னிடம் தந்ததே இல்லை. ஏன் என்று எனக்கே தெரியும்.

வீட்டுக்காரரிடம் (இனிமேல் வீ.கா.) சொன்னேன். கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி அவர், சாமானியமாகச் சிரிக்க மாட்டார். "உன்கிட்டயா? அப்ப சபைக்கு மைக் செலவு மிச்சம்."

லெந்து நாள், ஈஸ்டருக்கு முந்தின நோன்பு. மற்றவர்கள் கறியை விட்டார்கள். நான் ஊர்க்கதையை விடுவதாகப் பொருத்தனை. கறி எவ்வளவோ சுலபம்.

மார்ச் 4, புதன்

வெயில். தண்ணீர் வரவில்லை.

சாலோமி என் பக்கத்து வீடு, ஷெட்டிலும் பக்கத்து மேசை. சாயந்திரம் காலிப் பெட்டிகளுக்குப் பின்னால் கூப்பிட்டாள். கண் சிவந்திருந்தது.

"உங்ககிட்ட சொல்லலாமா வேணாமான்னு இருந்தேங்க்கா."

"சொல்லிடு. இல்லாட்டி நானே கண்டுபிடிச்சிடுவேன்."

சிரித்தாள், உடனே அழுதாள். அவள் வீட்டுக்காரர் தாவீது, சபையில் டோலக் வாசிப்பவர், கம்பெனி வேலையாகப் பெங்களூர் போயிருப்பதாகத்தான் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறாள். பெங்களூர் நிஜம், வேலை பொய். குடி நிறுத்தும் இல்லத்தில் இருக்கிறார். யாரும் இழுத்துப் போகவில்லை, தானே போனார். இந்த ஞாயிறு ஆராதனைக்கு வந்துவிடுவார்.

"ஒரு வார்த்த வெளிய தெரிஞ்சாலும் சபைக்கு வரமாட்டேன், நேரா அத்திப்பள்ளிதான்னு சொல்லிட்டுப் போயிருக்காருக்கா. பாஸ்டருக்கும் தெரியாது. உங்க ஒருத்திகிட்டதான்."

அத்திப்பள்ளி என்றால் கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பிராந்திக் கடை. அங்கே விலை குறைவு என்று சனிக்கிழமை சாயந்திரம் பைக் பைக்காகப் போகிறார்களே, அந்தக் கூட்டத்தில் இவரும் இருந்தவர்.

"செத்தாலும் சொல்ல மாட்டேன்" என்றேன். வீடு வந்து சேர்வதற்குள் அந்தச் செய்தி வயிற்றில் இட்லி மாவு மாதிரிப் பொங்க ஆரம்பித்தது.

வீ.கா. கேட்டார்: "சாலோமி எதுக்கு அழுதுச்சு?"

"வெங்காயம்."

"பூ ஷெட்டுலயா?"

சாம்பார் ஊற்றினேன். அவர் கேட்டில் வெளியே போகும் பையைத்தான் திறந்து பார்க்கிறார், உள்ளே வருவதை இல்லை. எனக்கும் அதே சட்டம். காதுக்குள் வந்தது வந்துவிட்டது. வெளியே போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். படுக்கும்போது வாய்க்குக் காவல் கேட்டு ஜெபம். தடியாக, உயரமாக, மீசையோடு ஒரு வாட்ச்மேன் வேண்டும் என்று கேட்டேன்.

மார்ச் 5, வியாழன்

காற்று. கண்ணெல்லாம் தூசி. ஆரஞ்சு பூ வரவில்லை, சூப்பர்வைசர் முகம் தொங்கியது.

மதியச் சாப்பாட்டில் ராஜம்மா வந்து ஒட்டிக்கொண்டாள். எங்கள் சபைதான், தெலுங்கு வீடு. மனது நல்ல மனது, காது மட்டும் ரொம்ப நீளம். (யார் சொல்வது பார்.)

"ஏங்க்கா, தாவீதண்ணன் ரெண்டு மூணு வாரமா காணோமே. வேலைன்னு சாலோமி சொல்றா, மூஞ்சி அப்படி இல்லியே. உங்களுக்குத் தெரியும். செப்பக்கா, செப்பு."

"தெரியாது."

"நான் என்ன ஊருக்கா சொல்லப் போறேன்? ஜெபிக்கத்தானே. விஷயம் தெரிஞ்சாத்தானே பாரமா ஜெபிக்க முடியும்?"

பிசாசு கொம்போடு வந்தால் நமக்கு அடையாளம் தெரிந்துவிடும். இது ஜெபக்குறிப்போடு வந்து, என் பொரியலிலும் கை வைத்தது. அதைவிட மோசம், அது சொன்னது எனக்கு நியாயமாகவே பட்டது. நாக்கு நுனி வரை வந்துவிட்டது. 'பாவம் ராஜம்மா, அந்த மனுஷன்' என்று ஆரம்பித்தால் போதும், மீதி தானாக வந்துவிடும்.

சோதனை வந்தால் ஓடிவிடு என்று பாஸ்டர் சொல்லியிருக்கிறார். எங்கே ஓடுவது என்று சொல்லவில்லை. டப்பாவை மூடிக்கொண்டு கோல்டு ரூமுக்குள் ஓடினேன். பூ வைக்கும் குளிர் அறை. யாரும் விரும்பிப் போக மாட்டார்கள், பல் தந்தியடிக்கும். அங்கே பேசவே முடியாது. சூப்பர்வைசரிடம் மதியம் முழுக்க அங்கேயே வேலை கேட்டு வாங்கிக்கொண்டேன்.

"உடம்பு சரியில்லையாம்மா?" என்றார்.

"உடம்பு நல்லாத்தாங்க இருக்குது. வாய்தான்."

ஸ்வெட்டர் கொடுத்தார்கள். ஆம்பளை ஸ்வெட்டர், பீடி நாற்றம். ஜெயித்துவிட்டேன். தொண்டை கரகர.

ஒன்று யோசித்தேன் அங்கே நின்று. தாவீதைக் கடை இழுக்கிறது, என்னை மேசை இழுக்கிறது. நான் ஒரு கதையை எடுத்துவிட்டதும் பத்து முகம் திரும்புமே, அந்த போதை எனக்கு. அந்த ஆள் இல்லத்தில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நான் கோல்டு ரூமில். எனக்காவது ஸ்வெட்டர் உண்டு.

மார்ச் 6, வெள்ளி

உபவாசம். பச்சைத் தண்ணீர் மட்டும். தொண்டை இன்னும் மோசம்.

ஷெட் விட்டு நேராக ஜெபம், பாஸ்டரம்மா வீட்டு மாடியில். தார்ப்பாய் விரித்து இருபது பெண்கள். விண்ணப்பம் கேட்டேன். ஒருத்திக்கு மருமகள் சரியில்லை, விவரமாகச் சொன்னாள். இன்னொருத்தி அக்கா வீட்டில் நிலத் தகராறு, வரப்பு வரைக்கும் சொன்னாள். எல்லோரும் "ச்சு ச்சு." எனக்கும் சுவாரசியம்தான், மறைப்பானேன்.

பிறகு ராஜம்மா எழுந்தாள். "சாலோமி வூட்டுக்காரரு தாவீதண்ணனுக்காக ஜெபிக்கணும். பெங்களூருல அவருக்கு இன்னொரு குடும்பம் இருக்குதுன்னு பேசிக்கிறாங்க. ஆண்டவர்தான்..."

சாலோமி அங்கேயேதான் இருந்தாள். தலை தார்ப்பாயில் முட்டுகிற மாதிரிக் குனிந்துவிட்டாள். பிறகு மெல்ல நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

உண்மை என் வாய்க்குள். ஒரே வரி சொன்னால் பொய் அங்கேயே செத்துவிடும். அந்த ஒரு வரியிலேயே தாவீதும் போய்விடுவார். நேற்று வந்த சோதனை ஒன்றுமே இல்லை. இது நல்லது செய்யச் சொல்லி வருகிறது.

எழுந்துவிட்டேன். "நில்லு ராஜம்மா. தாவீதுன்னு பேரு சொல்லிட்ட இல்ல, போதும். ஆண்டவருக்கு ஆளத் தெரியாதா? விலாசம் நாம சொல்லித்தான் அவரு தேடிக்கிட்டுப் போகணுமா?"

"இல்லக்கா, பாரமா ஜெபிக்க..."

"பாரத்த அவரு தூக்கட்டும். நமக்கு இருக்குற முட்டி வலி போதாதா?"

இரண்டு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டேன். "இன்னையிலேருந்து பேரு மட்டும். யாரு வூட்டுக் கொழம்புச் சட்டியையும் இங்க மூடி தொறக்க வேணாம். கண்ணால பாக்காத கதைய நம்ம வாயில சொல்லவும் வேணாம். மொத பேரு என்னுது. எஸ்தர். எதுக்குன்னு பாஸ்டரம்மாவக் கேளுங்க, அவங்க நேர்லயே பாத்தாங்க."

பாஸ்டரம்மா சிரித்தே விட்டார். "எஸ்தர் சொன்னது சரிதான். பேரு மட்டும் சொல்லுங்க" என்றார்.

பேர் பேராகச் சொன்னோம். தாவீது பேரை நானே சொன்னேன், சத்தமாக. ஆமென் சொன்னதில் ராஜம்மா குரல்தான் பெரிது. வழக்கத்தில் பாதி நேரம்கூட ஆகவில்லை. ஒருத்தி கடிகாரத்தைத் தட்டிப் பார்த்தாள், நின்றுவிட்டதோ என்று. இத்தனை நாள் ஆண்டவரிடம் பேசியது எவ்வளவு, எங்களுக்குள் பேசியது எவ்வளவு என்று அப்போதுதான் தெரிந்தது.

படி இறங்கும்போது சாலோமி என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. சாதனை.

மார்ச் 7, சனி

தொண்டை சுத்தமாகக் கட்டிவிட்டது. காற்றுதான் வருகிறது. வீ.கா. முகத்தில் என்ன ஒரு சமாதானம்.

வாங்க: மிளகு, பனங்கற்கண்டு, வீ.கா. ஷேவிங் பிளேடு, நாளைக்குக் கறி வேண்டாம் முட்டை போதும்.

அவர் கடைசியாக ஒருமுறை கேட்டுப் பார்த்தார். "இப்பவாச்சும் சொல்லேன், எதுக்கு அழுதுச்சுன்னு." தொண்டையைக் காட்டினேன். சௌகரியமாக இருக்கிறது.

சாயந்திரம் ராஜம்மா வந்தாள். ரசம் கொண்டுவந்தாள். "நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாதுங்க்கா" என்றாள். தலையாட்டினேன். சாலோமியிடமும் போய்ச் சொல்லு என்று கையால் காட்டினேன். போனாள். ரசத்தில் உப்பு இல்லை. சொல்ல முடியவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

நல்ல காலை. கல்யாணத்துக்கு எடுத்த வெள்ளைப் பட்டு கட்டினேன்.

தாவீது வந்தார். இளைத்திருக்கிறார், கண் தெளிவு. வாசலில் ஒருத்தர், "வேலையெல்லாம் முடிஞ்சுதாப்பா?" என்றார். தாவீது, "பாதி முடிஞ்சுது. மீதிய இங்கதான் செய்யணும்." நேராகப் போய் டோலக் முன்னால் உட்கார்ந்தார். முதல் பாட்டில் கை கொஞ்சம் தடுமாற்றம், பிறகு பழைய அடி. சாலோமி கண்ணைத் திறக்கவே இல்லை. நான் திறந்து வைத்துத்தான் பாடினேன், குரல் இல்லாமல்.

பிறகு பாஸ்டர் சுகவீனருக்கு ஜெபிக்கப் பேர் கேட்டார். ராஜம்மா எழுந்து, "எஸ்தரக்கா."

"என்ன சுகவீனம்?"

"பேரு மட்டும்தான் பாஸ்டர். அக்கா போட்ட சட்டம்."

என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. ரொம்பப் பெரிய வியாதி என்று நினைத்துவிட்டார். முன்னால் முழங்காலில் நிறுத்தி, கண், இருதயம், கிட்னி, மூட்டு என்று ஒன்று விடாமல் ஜெபித்தார். அபிஷேக எண்ணெய் புதுக் குப்பி. உள்மூடியை யாரோ முன்பே எடுத்துவிட்டிருந்தார்கள். ஒரு சொட்டுக்காகக் கவிழ்த்தார். முழுக் குப்பியும் என் தலை வழியாகப் பட்டுப் புடவையில். டோலக் பக்கம் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. வீட்டுக்கு வந்து புடவையைச் சீயக்காய் போட்டு அலசினேன். பிறகு கடலைமாவு. இப்போது புடவையில் எண்ணெயும் இருக்கிறது, கடலைமாவும் இருக்கிறது.