அவள் போட்ட சிப்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, உன் மகள் மூன்று பேரும் சுகம். உன் மனைவி சுகமா என்பதை நீயே அவளிடம் கேட்டுத் தெரிந்துகொள். போனில் பேசினால் கத்திவிடுவேன், குழந்தை இப்போதுதான் கண்ணயர்ந்தாள், அதனால்தான் எழுதுகிறேன்.

மாநாட்டில் நீ பேசியதை டிவியில் போட்டுப் பார்த்தோம். பக்கத்து வீட்டு டெய்லரம்மாவைக்கூடக் கூப்பிட்டு உட்காரவைத்திருந்தேன், அவ்வளவு பெருமை எனக்கு. ஏஐ சிப்பில் கணக்குப் போடும் பகுதிகள் டேட்டா எப்போது வரும் எப்போது வரும் என்று பாதி நேரம் சும்மா கிடக்கின்றன, மெமரியைத் துண்டு துண்டாகப் பிரித்து அவற்றின் பக்கத்திலேயே வைத்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது என்றாயே, எனக்குச் சுருக்கென்றது. உனக்காடா தோன்றியது? வயிற்றைத் தள்ளிக்கொண்டு கட்டில் முழுக்கத் துணிக் கிளிப்புகளைப் பரப்பி, இது கணக்கு அத்தை, இது மெமரி, நடுவில இருக்கிற இந்தத் தூரம்தான் வில்லங்கமே என்று உன் மனைவி மாற்றி மாற்றி வைத்துக் காட்டியபோது நான்தானே பக்கத்தில் இருந்தேன்? எனக்கு முழுசாகப் புரியவில்லைதான், யாருடைய யோசனை என்பதுகூடவா புரியாது? அங்கே எல்லாரும் கைதட்டினார்கள். இங்கே அவள் குழந்தையை என் மடியில் கிடத்திவிட்டுப் போய், கழுவிவைத்த பால் புட்டிகளையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கே உனக்குப் போன் செய்தேன். அவதான் லீவுல இருக்காளே, ரெண்டு பேரும் ஒரே குடும்பம்தானே, யார் பேர்ல இருந்தா என்னம்மா என்றாய். யார் பேரில் இருந்தாலும் ஒன்றுதான் என்றால் அவள் பேரிலேயே இருந்திருக்கலாமேடா! பிள்ளை பெற்றுப் படுத்திருப்பவளிடமிருந்து எடுக்க எப்படி மனசு வந்தது? மாமியாரே மருமகளுக்குக் கொடி பிடிக்கிறாளே என்று அப்பா வேறு கிண்டல் செய்தார், நான் பார்த்த பார்வையில் பேப்பருக்குள் முகத்தை நுழைத்துக்கொண்டார்.

நேற்று அவளே உங்கள் இரண்டு பேருக்கும் மேலே இருக்கும் மேனேஜரிடம் போனில் பேசிவிட்டாள். குழந்தையை வாங்கிக்கொண்டு நான்தான் கதவைச் சாத்தினேன். பேசி முடித்து வெளியே வந்ததும் பசிக்குது அத்தை என்றாள். இத்தனை நாளில் அவளாகக் கேட்டுச் சாப்பிட்டது நேற்றுதான். உன்னைக் குறை சொல்லவில்லையாம், நடந்ததை மட்டும் சொன்னாளாம். திங்கட்கிழமை உன்னையும் கூப்பிடுவார்களாம். மென்று முழுங்காதே. எல்லாருக்கும் முன்னால் அவள் பேரைச் சொல்.

நன்றாக இரு, நேரத்துக்குச் சாப்பிடு, இவ்வளவு கோபத்திலும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. குழந்தை முகம் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். போட்டோ அனுப்பச் சொல்லி அப்பாவை நச்சரிக்காதே, அவள் அம்மாவிடம் கேள். திங்கட்கிழமைக்குப் பிறகு கேள்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள், அவளுக்கு அத்தை