துவைக்கும் அறைக் கதவில் ஒட்டிய சீட்டு

ஹின்டர்மூஸ்,
ஜூன் 14

அன்புள்ள தம்பி ஆல்டோவுக்கு,

அக்கா எல்வீரா எழுதுகிறேன். நான் நலம், இடது முழங்கால் மட்டும் நலமில்லை. நீயும் மார்கரெட்டும் சுகமாகத்தான் இருப்பீர்கள். உடம்பு சரியில்லை என்றால் நாலு பக்கம் எழுதுகிற ஆள் நீ.

உன் படம் வந்தது. ஒரு கையில் குட்டிக் கொடி, இன்னொரு கையில் கேக், வாயெல்லாம் பல். இருபது நிமிடத்தில் கனடாக்காரனாகிவிட்டேன், யாரோ ஒரு நீதிபதி கை குலுக்கினார், எல்லாரும் கை தட்டினார்கள் என்று எழுதியிருக்கிறாய். சந்தோஷம். அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஊர்ல இன்னும் துணி துவைக்கிறதுக்குச் சண்டை போட்டுக்கிட்டுத்தான் இருக்கீங்களா" என்று கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறாயே, அதைப் படித்ததும் கடிதத்தைக் கசக்கிக் குப்பையில் எறிந்தேன். பிறகு காகிதக் குப்பைக்கு வேறு நாள், மற்றதற்கு வேறு நாள் என்று நினைவு வந்து, எடுத்து நீவி வைத்தேன். நீ சிரிப்பாய். சிரி.

உன் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆமாம், அதற்குத்தான் சண்டை. அந்தச் சண்டையில் ஒருத்தியின் வாழ்க்கை மாட்டிக்கொண்டது.

லும்னியேவை நீ பார்த்திருக்கிறாய். போன தடவை வந்தபோது ஸ்டேஷனிலிருந்து உன்னை மேலே கொண்டுவந்த மஞ்சள் பஸ்ஸை ஓட்டியது அவள்தான். உன் பெட்டியை அவளே தூக்கி வைத்தாள். நீ பெரிய மனிதன் மாதிரி ஆங்கிலத்தில் நன்றி சொன்னாய். அவள் நம் ஊர்ப் பேச்சிலேயே, "முதுகப் பாத்துக்கங்க, இந்த வளைவெல்லாம் ஒரு மாதிரி குலுக்கும்" என்றாள். உனக்கு முகம் சிவந்துவிட்டது. கொசோவோவிலிருந்து வந்து இருபத்திநாலு வருஷம் ஆகிறது. புருஷன் செத்து ஆறு வருஷம். என் மேல் மாடி வீடு.

அவளுடைய அம்மா பிரிஷ்டினாவில் படுத்த படுக்கையாக இருக்கிறாள். பார்த்துக்கொள்ள வேறு யாரும் இல்லை. லும்னியே போகலாம், யாரும் தடுக்கவில்லை. ஆனால் ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் இங்கே தங்குகிற அனுமதி செல்லாமல் போய்விடலாம். அம்மாவைப் பார்த்தால் வீடு போகும், வீட்டைப் பார்த்தால் அம்மா போவாள். அதனால்தான் இத்தனை வருஷம் கழித்துக் குடியுரிமைக்கு எழுதிக் கொடுத்தாள். உன் ஊரில் அதை ஒரு அதிகாரி முடிவு செய்கிறார் போல. இங்கே ஊர் முடிவு செய்யும், கை தூக்கி. நீ மறந்திருக்க மாட்டாய்.

போன வியாழக்கிழமை பள்ளிக்கூடத்து உடற்பயிற்சிக் கூடத்தில் சபை. நூற்றுச் சொச்சம் பேர். தலைவி ரெகுலா இம்ஹோஃப் நல்ல மாதிரியாகத்தான் ஆரம்பித்தாள். விண்ணப்பம் போட்டவர் வெளியே போக வேண்டும் என்பது வழக்கம், லும்னியேவும் போனாள். அவளோடு ஓட்டல்காரரின் ஜெர்மன் மருமகனும் போனான், அவனும் விண்ணப்பம் போட்டிருந்தான். அவன் இந்த ஊருக்கு வந்து ஏழு வருஷம்தான். நம் பேச்சு அவன் வாயில் நுழையவே நுழையாது. கடைக்காரி முதற்கொண்டு எல்லாரும் அவனுக்காக நம் பேச்சை விட்டுவிட்டு, பத்திரிகையில் எழுதுகிற ஜெர்மன் பேசிச் சிரமப்படுகிறார்கள். அவன் பேரைச் சொன்னதும் கூடம் முழுக்கக் கை. ரெண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

லும்னியே பேர் வந்ததும் குனோ ஷ்டுக்கி எழுந்தான். எங்கள் கட்டடத்தைப் பராமரிக்கிறவன், ஒரு பல்பு மாற்றினாலும் தேதி போட்டுக் கோப்பில் வைக்கிறவன். "எனக்கு அந்தம்மா மேல ஒண்ணும் கோவம் இல்ல. பஸ் நல்லாத்தான் ஓட்டுறாங்க. ஆனா பஸ் ஓட்டுறது வேற, நம்மள்ல ஒருத்தரா ஆகுறது வேற" என்றான். அதோடு விட்டானா. "இத்தாலிக்காரங்களப் பாருங்க. அவங்களும் வெளியிலருந்து வந்தவங்கதான். ஆனா நம்மளப் போல ஐரோப்பாக்காரங்க. பால்ல தண்ணி மாதிரி கலந்துட்டாங்க. நம்ம எல்வீராவோட அம்மாவையே எடுத்துக்குங்களேன்" என்று என் பக்கம் கையைக் காட்டினான்.

எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல். இவனுடைய அப்பாதானே எழுபதாம் வருஷம், வெளிநாட்டுக்காரர்களைத் திருப்பி அனுப்புவதா வேண்டாமா என்று நாடு முழுக்க வாக்குப் போட்டபோது, பால் பண்ணை வாசலில் நின்றுகொண்டு, "இவங்க வேற ரகம், பூண்டு நாத்தம் சுவர விட்டே போகாது" என்று அம்மா காதுபடச் சொன்னவர். வாக்கு எண்ணிய அந்த ஞாயிற்றுக்கிழமை புரூனோ மாமாவின் பெட்டியைக் கட்டி வாசலில் வைத்துவிட்டு, வானொலிப் பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருந்தது உனக்கு நினைவிருக்கிறதா? உனக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடத்தில் உன் உதட்டைக் கிழித்த வாரம் அது. அன்றைக்குப் பூண்டு ஐரோப்பாவில் இல்லை, இன்றைக்கு இருக்கிறது. கொசோவோ மட்டும் எந்தக் கண்டத்தில் இருக்கிறதாம், இந்த ஆள் வரைபடத்தை எடுத்துக் காட்டட்டும்.

நானே இருக்கிற இடத்திலிருந்து கத்தியிருப்பேன். ஆனால் தூக்கிய கைகளை எண்ணுகிறவர்கள் சபையில் பேசக் கூடாது. இருபத்திரண்டு வருஷமாக இடது பக்க வரிசைகளை எண்ணுவது நான்தான், அது உனக்குத் தெரியும்.

ரெகுலா விடவில்லை. மறுக்க வேண்டுமானால் காரணம் சொல்ல வேண்டும், இது சட்டம், "ஒட்டல" என்று சொன்னால் போதாது என்றாள். குனோ சிரித்தான். கோப்பைத் திறந்து, பிளாஸ்டிக் உறைக்குள் போட்ட ஒரு சீட்டை வெளியே எடுத்தான். பதினோரு வருஷத்துக்கு முன்னால், எங்கள் கட்டடத்து வீடுகள் முறை வைத்துத் துவைக்கும் பொது அறையின் கதவில் லும்னியேவுக்கு என்று ஒட்டியிருந்ததாம். நிறுத்தி நிறுத்திப் படித்தான்.

"செவ்வாய்க்கிழமை என் முறை. உங்கள் ஊரில் நினைத்த நேரத்தில் துவைப்பார்களோ என்னவோ. ஐரோப்பாவில் பட்டியல் என்று ஒன்று உண்டு. கற்றுக்கொள்ள முடியாவிட்டால் திரும்பிப் போகலாம்."

கூடத்தில் சிலர் சிரித்தார்கள். சிலர் தலையை ஆட்டினார்கள். கீழே கையெழுத்து இருக்கிறது என்றும், அது யார் என்று தான் சொல்லப் போவதில்லை என்றும் குனோ பெருந்தன்மையாகச் சொன்னான். சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. எங்கள் கட்டடத்தில் செவ்வாய்க்கிழமை யாருடையது என்று ஊருக்கே தெரியும்.

ஆமாம், ஆல்டோ. நான் எழுதியதுதான்.

அதைவிடக் கேவலம் ஒன்று இருக்கிறது. அந்த வாரம் பெந்தெகொஸ்தே திங்கட்கிழமை. விடுமுறையில் துவைக்கக் கூடாது, அதனால் எல்லாருடைய முறையும் ஒரு நாள் தள்ளிப் போகும். திங்கள் லும்னியேவுடையது, ஆகவே செவ்வாய் அவளுக்கு. அவள் பட்டியலைப் பார்த்துச் சரியாகத்தான் துவைத்தாள். அந்த விதியைக் கட்டடத்தில் குடியிருப்பவர்கள் கூட்டத்தில் எழுந்து நின்று கொண்டுவந்ததே நான். புதன்கிழமை காலை, அன்றைக்கு என் முறை என்று, துவைக்கும் அறைச் சாவி என் வாசலில் தொங்கியபோதுதான் எனக்கு உறைத்தது. ஓடினேன், சீட்டைக் கிழிக்க. கதவில் இல்லை. அவள் பார்க்குமுன் காற்றில் விழுந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்துவிட்டேன். குனோவின் கோப்பு எனக்குத் தோன்றவில்லை. மாடி ஏறி ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கவும் இல்லை. பதினாறு படிதான்.

பிறகு வாக்கெடுப்பு. சேர்த்துக்கொள்ளலாம் என்று அறுபது கை. வேண்டாம் என்று அறுபத்தொன்று. சமமாக வந்திருந்தால் முடிவு தலைவி கையில், ரெகுலா சேர்த்துக்கொள்ளும் பக்கம் என்பது எல்லாருக்கும் தெரியும். ஒரே ஒரு கை, ஆல்டோ. வெளியே போனவளைக் கூப்பிட்டுச் சொன்னார்கள். அவள் தலையை ஆட்டினாள், நன்றி என்றாள். எதற்கு நன்றி என்று எனக்குக் கேட்கத் தோன்றியது.

சபை முடிந்ததும் வழக்கம்போல் மது, தின்பண்டம். விண்ணப்பம் போட்டவர்கள்தான் கொண்டுவர வேண்டும். ஜெர்மன்காரன் கடையில் வாங்கிய உப்புக் குச்சிகளைக் கொட்டிவைத்தான். லும்னியே முதல்நாளே லீவு போட்டுக் கீரை வைத்த அப்பம் நாலு தட்டு சுட்டிருந்தாள். வேண்டாம் என்று தூக்கிய கைகள்தான் முதலில் தட்டுக்கு நீண்டன. குனோ மூன்று துண்டு சாப்பிட்டுவிட்டு, "இதுல என்ன போடுறீங்க, பிரமாதம்" என்று அவளிடமே கேட்டான். அவள் பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு அந்தத் தட்டைப் பிடுங்கலாம் போல இருந்தது.

மறுநாள் காலை ஆறே முக்காலுக்கு மருத்துவரிடம் போக பஸ்ஸுக்கு ஓடினேன். இந்த முழங்காலோடு என்ன ஓட்டம். பஸ் நின்றுகொண்டிருந்தது. முப்பது விநாடி, எனக்காக. அவள் நேரம் தவறாதவள் என்பது உனக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். அவள் பின்னால் ஒரே ஒரு ஆசாமி உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான், அவனும் வேண்டாம் என்றவன். நான் ஏறி, அவள் பக்கத்தில் நின்று, அந்தச் சீட்டு என்னுடையது என்றேன். சாலையைப் பார்த்தபடியே, "தெரியுமே. அன்னைக்கே படிச்சேன். ஒங்களுக்கே தெரிஞ்சிருக்கும், கிழிச்சிருப்பீங்கன்னு நெனச்சேன்" என்றாள். பிறகு, "உக்காருங்க, வளைவு வருது" என்றாள். அவ்வளவுதான். ஒரு கடுஞ்சொல் சொல்லியிருந்தால் நான் நன்றாகத் தூங்கியிருப்பேன்.

இத்தனை பக்கமாகக் குனோ மேல் பாய்ந்தேன், அவன் அப்பா மேல் பாய்ந்தேன், ஜெர்மன்காரன் மேலும் உன் மேலும்கூடப் பாய்ந்தேன். இப்போது சொல்கிறேன். அறுபது, அறுபத்தொன்று என்றேனே, அந்த இரண்டிலும் என் கை இல்லை.

எண்ணுகிறவர்களுக்கும் வாக்கு உண்டு. ஒரு கையில் பலகை, ஒரு கையில் பென்சில் என்றாலும், பென்சிலோடு கையைத் தூக்கித் தன்னையும் எண்ணிக்கொள்வோம். இருபத்திரண்டு வருஷமாகத் தூக்கியிருக்கிறேன். அன்றைக்கு, அந்தச் சீட்டை எழுதிய கையையே "சேர்த்துக்கொள்ளலாம்" என்று எல்லார் முன்னாலும் தூக்கினால் ஊர் சிரிக்கும் என்று பயந்தேன். வேண்டாம் என்று தூக்கவும் எனக்கு மனம் இல்லை. கடைசியில் ரெகுலா எப்போதும் கேட்பது போல, "எண்ணுனவங்க தங்களையும் சேத்தாச்சா" என்று கேட்டாள். ஆச்சு என்றேன். நம் அம்மாவுக்கு எழுபதில் வாக்கே கிடையாது, பெண்களுக்கு அப்போது இல்லை. வானொலி பக்கத்தில் உட்கார்ந்திருக்கத்தான் முடிந்தது. எனக்கு வாக்கு இருந்தது.

முறையீடு செய்ய முப்பது நாள் தருகிறார்கள். லும்னியேவுக்காக ரெகுலாவின் வக்கீல் அண்ணன் எழுதிக் கொடுத்திருக்கிறார். மறுத்த காரணம் அந்தச் சீட்டு ஒன்றுதான், அது பொய் என்று எழுதியவளே ஒப்புக்கொண்டால் காரணம் நிற்காது என்கிறார். நேற்று முழுக்க உட்கார்ந்து எழுதினேன். பெந்தெகொஸ்தே திங்கள், தள்ளிப்போன முறை, கிழிக்க ஓடியது, ஆச்சு என்று சொன்னது, எல்லாம். இனி என்னை எண்ண விட மாட்டார்கள். குனோ படியில் பார்த்தால் என்ன முகம் காட்டுவான் என்றும் தெரியும். எழுதிவிட்டு மூன்று தடவை கிழிக்கப் பார்த்தேன்.

அதனால்தான் உனக்கும் இதை எழுதினேன். மேஜையில் இரண்டு உறைகள் இருக்கின்றன, ஒன்று முறையீட்டை விசாரிக்கும் கன்டோன் அலுவலகத்துக்கு, ஒன்று உனக்கு. இரண்டையும் ஒரே கையில் பிடித்து ஒரே தடவையில் தபால் பெட்டியில் போடுவதாக இருக்கிறேன். பெட்டி வரைக்கும் போய்த் திரும்பி வருகிறவள்தான் உன் அக்கா, உனக்குத் தெரியும். இதை நீ படித்துக்கொண்டிருக்கிறாய் என்றால் நான் திரும்பி வரவில்லை.

கனடா உன்னை நன்றாக வைத்துக்கொள்ளட்டும். உனக்குக் கை தட்டியவர்களும் நன்றாக இருக்கட்டும். பதில் எழுதும்போது என் முழங்காலை விசாரிக்காதே. லும்னியே அவள் அம்மாவிடம் போய்ச் சேர்ந்தாளா என்று மட்டும் கேள். நீ கேட்பாய் என்று தெரிந்தால், அந்தப் பதினாறு படியை ஏறிப் போய் விசாரித்துவிட்டாவது வருவேன்.

உன் அக்கா,
எல்வீரா